கண்ணாடி மாற்றிய ரசீதில் இல்லாத ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஆடி மாதம் என் மகனுடைய காரின் முன்கண்ணாடியை மாற்றியதற்குத் திருச்சியில் ஒரு கண்ணாடிக் கடை கொடுத்த ரசீதை வைத்துக்கொண்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். கண்ணாடி, ஒட்டும் பசை, ஓரத்து ரப்பர் பட்டை, வேலைக் கூலி, ஜி.எஸ்.டி. என்று யாவும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும் அந்த ரசீதில், கண்ணாடிக்குப் பின்னால் பொருத்தப்பட்டு, சாலையைப் பார்த்து ஓட்டுநருக்கு உதவும் கேமராவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்படி ஒரு வரி இருந்திருக்க வேண்டும் என்பது அன்று எங்களுக்கும் தெரியாது.

பாடாலூருக்கு அருகே, தார்ப்பாய் போர்த்தாமல் ஜல்லி ஏற்றிச் சென்ற லாரியிலிருந்து தெறித்த கல் ஒன்று கண்ணாடியில் விரல்நகம் அளவுக்கு ஒரு சில்லைப் பெயர்த்துவிட்டது. மறுநாள் வெயிலில் நின்ற வண்டியில் ஏ.சி.யைப் போட்டதும் அந்தச் சில்லிலிருந்து புறப்பட்ட விரிசல் கண்ணாடியின் நடுப்பகுதி வரை ஓடிவிட்டது. காப்பீட்டில் கேட்டால், ஐந்து ஆண்டுகளாகக் கோரிக்கை எதுவும் வைக்காமல் சேர்த்து வைத்திருந்த ஐம்பது விழுக்காட்டுப் பிரீமியத் தள்ளுபடியான 'நோ கிளெய்ம் போனஸ்' போய்விடும் என்பதால், பலரும் செய்வதுபோல் நாங்களும் வெளிக் கடையில் கைக்காசைக் கொடுத்தே மாற்றிக்கொண்டோம். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. பசை இறுகும் வரை வண்டியை எடுக்கவிடாமல் உட்கார வைத்தார்கள். அன்று முழுவதும் கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது, மழைநீர்ச் சோதனை செய்தாயிற்று என்றெல்லாம் பொறுப்பாகச் சொன்னார்கள். கேமராவைக் கழற்றிப் புதுக் கண்ணாடியில் மாட்டியவரும் அவர்களேதான். அதைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சென்னைக்குப் போகும் வழியில், விக்கிரவாண்டியைத் தாண்டியதும் ஸ்டீயரிங் தானாக இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. வண்டி தடத்தின் நடுவில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் சாலைக் கோடுகளைப் பார்த்து வண்டியைத் தடத்துக்குள் வைத்திருக்கும் 'தடம் காக்கும் கருவி'யோ, வண்டி வலப்பக்கக் கோட்டை நெருங்கிவிட்டதாக எண்ணிக்கொண்டு அதைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளியது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. மகன் அந்த வசதியைப் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு ஓட்டினான். ஊர் திரும்பியதும் வீல் அலைன்மென்ட் பார்த்தோம்; சக்கரங்களில் குறை இல்லை என்றார்கள். பிறகு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போனபோது, அங்கிருந்த இளம் மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன்பே, அண்மையில் கண்ணாடி மாற்றினீர்களா என்றுதான் கேட்டார்.

அடாஸ் எனப்படும் ஓட்டுநர் உதவி வசதிகள் நம் நாட்டில் நடுத்தர விலைக் கார்களுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. 2021-இல் மஹிந்திரா எக்ஸ்யூவி700, எம்ஜி ஆஸ்டர், 2022-இல் ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் வகை, 2023-இல் ஹூண்டாய் வெர்னா, கியா செல்டோஸ், டாடா ஹாரியர், 2024-இல் கிரெட்டா என்று வரிசையாக வந்தன. இவற்றில் சில மாடல்கள் நம் இருங்காட்டுக்கோட்டையிலேயே தயாராகின்றன. இந்த வண்டிகளில் பின்னால் வருவதைப் பார்க்கும் உள்புறக் கண்ணாடிக்குப் பின்னே, முன்கண்ணாடியின் மேல்நடுவில் ஒரு கேமரா இருக்கிறது. சில மாடல்களில் முன் பம்பருக்குள் ரேடாரும் உண்டு. சிலவற்றில் கேமரா மட்டுமே. ரேடார் இருந்தாலும் சாலைக் கோடுகளை அதனால் காண முடியாது. தடத்தைப் பற்றிய தீர்ப்பு முழுவதும் கேமராவின் கையில்தான் இருக்கிறது.

நான் பாலிடெக்னிக்கில் நில அளவைப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன். உயர வேறுபாட்டை அளக்கும் லெவல் கருவி கீழே விழுந்தாலோ, யாராவது இடித்துவிட்டாலோ, கண்ணுக்கு ஒரு கீறலும் தெரியாவிட்டாலும், இரண்டு முளை அடித்து நோக்குக் கோட்டைச் சரிபார்க்காமல் ஒரு அளவும் எடுக்கக் கூடாது என்று முப்பது ஆண்டுகள் மாணவர்களிடம் சொல்லி வந்தேன். அந்தக் கண்ணோடு பார்த்தபோதுதான் எங்கள் காருக்கு நேர்ந்தது எனக்குப் புரிந்தது. புரிய இத்தனை நாள் ஆனதே என்று வெட்கமாகவும் இருந்தது.

கணக்கு எளியது. கேமரா பக்கவாட்டில் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால், 100 மீட்டர் தொலைவில் அதன் பார்வை ஏறத்தாழ 1.75 மீட்டர் விலகும். நம் நெடுஞ்சாலைத் தடம் ஒன்றின் அகலம் 3.5 மீட்டர், ஆக, விலகல் சரிபாதித் தடம். பக்கத்துத் தடத்தில் போகும் லாரியை நமக்கு நேர் முன்னால் போவதாகவோ, நேர் முன்னால் போவதைப் பக்கத்தில் போவதாகவோ கருதிவிட இது போதும்.

மேலும் கீழுமான சாய்வு இதைவிடக் கடுமையானது. முன்னே நிற்கும் வண்டியின் சக்கரம் தரையைத் தொடும் இடம் கிடைக்கோட்டுக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்பது, கேமரா தொலைவை மதிப்பிடும் வழிகளில் ஒன்று. கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 50 மீட்டருக்கு அப்பால் உள்ள சக்கரம் கிடைக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி கீழே தெரியும். கேமரா தனக்கே தெரியாமல் அரை டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், அதே சக்கரம் ஒரு டிகிரி கீழே இருப்பதாகக் கணக்காகி, 50 மீட்டர் 75 மீட்டராகிவிடும். அரை டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் அதே தொலைவு 37 மீட்டராகச் சுருங்கும். வண்டியின் உருவம் பெரிதாகும் வேகம், ரேடார் என்று வேறு சான்றுகளையும் கருவி சேர்த்துப் பார்க்கும் என்பதால் பிழை முழுவதும் அப்படியே பிரேக்கில் வந்து விடியாது. ஆனாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 25 மீட்டர் என்பது ஒரு வினாடிக்குச் சற்று மேல். தானியங்கிப் பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் அந்த ஒரு வினாடி சிறியதன்று.

கேமராவை மாற்றவே இல்லையே, கண்ணாடியைத்தானே மாற்றினோம் என்று கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். கேமராவைத் தாங்கும் கொக்கி கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. கண்ணாடி புதிது என்றால் கொக்கியும் புதிது. அது ஒட்டப்பட்ட கோணத்தில் நூலிழை வேறுபாடு இருந்தாலும் அது கேமராவின் கோணமாகிவிடும். கண்ணாடியை வண்டியின் சட்டத்தில் ஒட்டும் பாலியூரித்தேன் பசை ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் தடித்து, மறுபக்கம் மெலிந்து இருந்தாலும் அப்படியே. இதற்கெல்லாம் மேல், முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் மென்படலம் வைத்து அழுத்திச் செய்தது; அதன் வழியே ஒளி வளைந்துதான் கேமராவுக்கு வந்து சேர்கிறது. நம் கண்ணுக்குப் புலப்படாத வளைவு கேமராவுக்குப் புலப்படும். பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐ.எஸ். 2553 தரமுத்திரை பெற்ற கண்ணாடியா என்று பார்ப்பது அவசியம். ஆனால் அந்த முத்திரை கேமராவின் கோணத்துக்குச் சான்று தருவதில்லை.

இதைச் சரிசெய்வதைத்தான் தொழிலில் கேலிப்ரேஷன் என்கிறார்கள். அளவுத்திருத்தம் என்று நாம் சொல்லலாம். வண்டியை நிறுத்தி வைத்துச் செய்வது ஒரு முறை. சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, அதன் நேர்க்கோட்டைக் கண்டுபிடித்து, தயாரிப்பாளர் குறித்த தொலைவிலும் உயரத்திலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வரைந்த பலகையை நட்டு, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேன் கருவியின் மூலம் கேமராவுக்கு அதைக் காட்டுகிறார்கள். மற்றொரு முறையில் ஸ்கேன் கருவியை இணைத்தபடி, கோடுகள் தெளிவாகத் தெரியும் சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செல்ல வேண்டும். சில வண்டிகளுக்கு இரண்டும் தேவை. ஓட்ட ஓட்டத் தானே கற்றுக்கொள்ளும் வண்டிகளும் உண்டு; அவற்றிலும் பழைய அளவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்று ஒருவர் கட்டளை கொடுத்தாக வேண்டும்.

சொல்ல எளிது, நம் ஊரில் செய்ய எளிதன்று. பெரும்பாலான பட்டறைகளில் தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சரிவாகவே போட்டிருப்பார்கள். பலகையைத் தள்ளி நிறுத்தும் அளவுக்கு வண்டிக்கு முன்னால் காலி இடமும் இருப்பதில்லை. டயர்களில் காற்று சரியாக இருக்க வேண்டும். டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை கிடந்தால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், அந்தச் சாய்வே சரியென்று கேமரா கற்றுக்கொள்ளும். ஓட்டிப் பார்த்துச் செய்யலாம் என்றால், ஊருக்குள் சாலைக் கோடு அழிந்து எத்தனையோ காலம் ஆயிற்று. எங்கள் வண்டியை மெக்கானிக் நான்குவழிச் சாலைக்குக் கொண்டுபோய், முதல் நாள் மழையில் முடியாமல் திரும்பி, மறுநாள்தான் முடித்துக் கொடுத்தார். சில ஆயிரம் ரூபாய் ஆயிற்று. கூடுதல் என்று நான் சொல்லமாட்டேன்.

இடையில் சிறிய செய்தி ஒன்று. கண்ணாடி மாற்றும்போது பழைய ஃபாஸ்டேக் ஸ்டிக்கரும் போய்விடும். உரித்தால் கிழிந்து செயலிழக்கும்படிதான் அது தயாரிக்கப்படுகிறது. வங்கியிடமிருந்து புதியதை வாங்கி, வழக்கம்போலக் கண்ணாடியின் நடுவில் ஒட்டும்போது, அதைக் கேமராவின் பார்வைக்கு நேரே ஒட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். சாமிப் படங்களும் வெயில் மறைப்புப் பட்டைகளும் இதே தவற்றைச் செய்கின்றன.

இத்தனை தொல்லைக்கு அந்த வசதியே வேண்டாம், கண்ணைத் திறந்து ஓட்டினால் போதும் என்று என் வயதுடையவர்கள் சொல்வார்கள். கண்ணைத் திறந்துதான் ஓட்ட வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அணைந்து கிடக்கும் கருவியால் தொல்லை இல்லை. தவறான அளவோடு விழித்திருக்கும் கருவிதான் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது, காரணமின்றிப் பிரேக் போடுகிறது, போட வேண்டிய இடத்தில் தாமதிக்கிறது. எங்கள் வண்டியில் நடந்தது போல் எச்சரிக்கை விளக்கு எரியாமலும் அது நிகழக்கூடும்.

பிற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் காப்பீட்டுத் துறைக்காகத் தாட்சம் ரிசர்ச் என்னும் ஆய்வு அமைப்பு 2021-இல் கொண்டுவந்த நெறிமுறைகள், பழுதுபார்க்கும் வண்டியில் இவ்வசதிகள் உள்ளனவா, அளவுத்திருத்தம் தேவையா என்று பார்த்துச் செய்து, அதற்குப் பதிவும் வைக்கச் சொல்கின்றன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், கண்ணாடி மாற்றும் கடை இவ்வண்டிக்கு அளவுத்திருத்தம் தேவை என்பதை வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2023-இல் சட்டமே இயற்றப்பட்டது. நம்மிடம் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 85-ஆம் பிரிவும், தீங்கைத் தவிர்க்கப் போதிய அறிவுறுத்தலோ எச்சரிக்கையோ தராத சேவையாளரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் விபத்து நடந்த பிறகு வழக்காடுவதற்கு உதவும் பிரிவு அது. நான் கேட்பது அதற்கு முன்பே, ரசீது எழுதும் மேசையில் நடக்க வேண்டியது.

கண்ணாடி மாற்றும் எந்தக் கடையும், அது நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரோ தெருமுனைக் கடையோ, வண்டியில் கேமரா இருக்கிறதா, அதற்கு அளவுத்திருத்தம் செய்யப்பட்டதா, இல்லையா என்பதை ரசீதில் எழுதித் தர வேண்டும். செய்திருந்தால் ஸ்கேன் கருவி தரும் அறிக்கையின் நகலை இணைக்க வேண்டும். தங்களிடம் அந்த வசதி இல்லையென்றால், 'செய்யப்படவில்லை. செய்யும் வரை இவ்வசதிகளை அணைத்து வைக்கவும்' என்று எழுதிவிடுவதில் கடைக்கு ஒரு நட்டமும் இல்லை. போக்குவரத்துத் துறை நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் இதைத் தொடங்கிவிடலாம்.

காப்பீட்டு நிறுவனங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பதில்லை என்று பாலிசியிலேயே போட்டிருக்கிறார்கள். கண்ணாடியின் முழு விலையை ஏற்கும் பாலிசி, அந்தக் கண்ணாடி வழியே பார்க்கும் கேமராவை நேராக்கும் செலவையும் அதே வேலையின் பகுதியாக ஏற்றுக்கொள்கிறது என்பதை, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரின் விருப்பத்துக்கு விடாமல், வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். கண்ணாடிக்கு மட்டும் வைக்கும் கோரிக்கைக்கு நோ கிளெய்ம் போனஸில் கை வைக்காமல் இருந்தால், எங்களைப் போன்றவர்கள் செலவை மிச்சம் பிடிக்க அளவுத்திருத்தம் தெரியாத கடையைத் தேடிப் போகவும் மாட்டார்கள்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் கார்கள் மட்டுமல்ல. எட்டுப் பேருக்கு மேல் பயணிக்கும் வாகனங்களிலும் பெரிய சரக்கு வாகனங்களிலும் தானியங்கி அவசரப் பிரேக்கும் தடம் விலகல் எச்சரிக்கையும் கட்டாயமாக வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025-இல் வரைவு விதி வெளியிட்டது. அப்படியானால் இனி வரும் பேருந்துகளின் முன்கண்ணாடிக்குப் பின்னாலும் கேமரா இருக்கும். பேருந்தின் முன்கண்ணாடி எவ்வளவு எளிதில் உடைகிறது, உடைந்தால் பணிமனையில் எவ்வளவு அவசரமாக மாற்றப்பட்டு அடுத்த நடைக்கு வண்டி கிளம்புகிறது, மாற்றிய கண்ணாடியில் மாலையும் பலகையும் ஸ்டிக்கரும் எப்படி ஏறுகின்றன என்பதை நாம் அறிவோம். ஐம்பது பேர் அமர்ந்த வண்டிக்கு அளவுத்திருத்தப் பலகையும் சமதளத் தரையும் ஒவ்வொரு பணிமனையிலும் வேண்டும் என்று இப்போதே திட்டமிட்டால்தான் நேரத்துக்கு வந்து சேரும்.

எங்கள் வண்டிக்கு அளவுத்திருத்தம் செய்த அறிக்கை ஒரே ஒரு தாள். திருத்தத்துக்கு முன், திருத்தத்துக்குப் பின் என்று கோணங்கள் அதில் அச்சாகியிருக்கின்றன. கண்ணாடிக் கடையின் ரசீதோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன்; அந்தக் கடைக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டு வந்தேன். கோபப்படவில்லை, வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்தார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
திருவானைக்காவல், திருச்சி.