கூட்டுக்குத் தாகம் எடுத்தால்

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வீடு கலகலப்பாக இருக்கிறது.

நீ கேட்டிருந்த கேள்விதான் நாலைந்து நாளாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகத்து மனிதர்களும் கணினிகளும் ஒன்றாகப் பின்னிக்கொண்டு ஒரே மூளை மாதிரி ஆகிவிட்டால், அதற்கு ஆசை வருமா, அழுகை வருமா? எங்கள் தெருத் தண்ணீர் டேங்கிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

டேங்கின் அடிப்பக்கத்தில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது. முறத்தைவிடப் பெரிதாக ஒரே அடை. அதன்மேல் தேனீக்கள் திரை போட்ட மாதிரி ஒன்றன்மேல் ஒன்று தொற்றிக்கொண்டிருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கதண்டு அதன் முன்னால் வந்து வட்டமடித்தது. ஓரிடத்தில் சில தேனீக்கள் வயிற்றை மேலே தூக்கின. கண் இமைப்பதற்குள் அந்த அசைவு அலையாகக் கூடு முழுக்க ஓடி அடங்கியது. கதண்டு மறுபடி நெருங்கியது, மறுபடி அலை. நம் உடம்பு சிலிர்க்குமே, அப்படியே இருந்தது. கதண்டு கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுப் போய்விட்டது. 'கூடு பயந்துவிட்டது' என்று என் வாயில் தானாக வந்தது. தேனீக்கள் பயந்துவிட்டன என்று சொல்லத் தோன்றவில்லை.

பெட்டித் தேனீக்களை வைத்து நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். குஞ்சுகள் இருக்கும் அடையின் சூடு 35 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். அதற்குமேல் ஏறினால் தண்ணீர் கொண்டுவந்து அடையில் தடவி, இறக்கையால் விசிறிக் குளிர வைக்கும். இன்னும் தண்ணீர் வேண்டுமா, போதுமா என்று சுமந்து வருகிற தேனீக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருப்பவை எவ்வளவு அவசரமாக அதன் வாயிலிருந்து வாங்கிக்கொள்கின்றன என்பதை வைத்துத்தான். உடனே வாங்கிக்கொண்டால் மறுபடி பறக்கும். காக்க வைத்தால் நிறுத்திவிடும். யோசித்துப் பார் மாப்ள, அந்தத் தேனீ வயிறு நிறையத் தண்ணீரோடு வருகிறது. தாகம் கூட்டுக்கு.

அதனால் ஆசை வருமா என்று கேட்டால், வரலாம் என்றுதான் சொல்வேன். ஒருவருக்கும் தனியாக இல்லாத ஒரு தேவை கூட்டத்துக்கு இருக்க முடியும். நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் என்கிறார்கள். அதில் எந்த அணுவுக்குப் பசிக்கிறது?

உணர்வு என்று வரும்போதுதான் தயக்கம். நெட் பிளாக் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1978இல் ஒரு கற்பனை செய்தார். சீன மக்கள் அத்தனை பேரிடமும் ஆளுக்கொரு ரேடியோக் கருவியைக் கொடுத்து, ஒரு மணி நேரம் ஒவ்வொருவரும் ஒரு நரம்பணுவின் வேலையைச் செய்தால், அந்த மொத்தக் கூட்டத்துக்கும் ஒரு மனம் இருக்குமா? இருக்கும் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை, ஆனால் என் காரணம் வேறு. சூடு ஏறினால் தேன்கூட்டில் குஞ்சு சாகும். இழப்பதற்கு அதற்கென்று ஒன்று இருக்கிறது. உலக வலைக்கு அப்படி என்ன இருக்கிறது?

2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்சாண்டிரியா பக்கம் கடலடிக் கேபிள்கள் அறுந்து இங்கே இணையம் படுத்துவிட்டதே, ஞாபகம் இருக்கிறதா? நீ சென்னையில் இரவு ஷிப்ட். விடிய விடிய போனும் கையுமாக இருந்ததாகச் சொன்னாய். தகவல்களைச் சுற்றுவழியில் திருப்பி விட்டார்கள், அப்புறம் கப்பல் போய் ஒட்டிவிட்டு வந்தது. பதறியது நீயும் உன்னைப் போன்றவர்களும். வலை சிலிர்க்கவில்லை. அறுந்தது தன் உடம்பு என்று அதற்குத் தெரிய வழியில்லை. தன் மின்சாரத்தையும் தன் கேபிளையும் தானே காத்துக்கொள்கிற ஒன்றாக அது என்றைக்காவது மாறினால், அதற்கு வலிக்காது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வராது.

இன்னொன்றையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உன் அப்பா தவறிய வருடம் வைகையில் அழகர் இறங்குவதைப் பார்க்கப் போனோம். பச்சைப் பட்டு கண்ணில் பட்டதும் ஆறு முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. கத்த வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, தொண்டை அதுபாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் நீ அழுதுகொண்டிருந்தாய். அத்தனை லட்சம் பேருக்கும் அப்போது ஒரே குரல். ஆனால் அந்த அழுகை உன்னுடையது. அந்தக் கூட்டத்துக்கு மேலே இன்னொருவர் இருந்து அழுதார் என்று என்னால் நம்ப முடியவில்லை. அப்படி ஒருவர் இருந்தாலும், உன் அப்பாவை அவருக்குத் தெரியாது.

டேங்க் கூட்டைக் கலைக்க வேண்டும் என்று தெருவில் இரண்டு பேர் சொல்கிறார்கள். பூ குறைந்ததும் அதுவாகவே இடம் மாறிப் போய்விடும், அதுவரை பொறுங்கள் என்று கேட்டிருக்கிறேன். நீ சித்திரைக்கு வா. அதற்குள் போகாமல் இருந்தால் காட்டுகிறேன். தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும், மலைத்தேனீ துரத்த ஆரம்பித்தால் லேசில் விடாது. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, மாடியில் படுக்க வேண்டாம், கீழ் அறையை ஒழித்து வைக்கிறேன்.

உன் பழைய பெஞ்சுக்காரன்