மொத்த அளவை எழுதிக் கொடுங்கள்

புற்றுநோய் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். டாக்ஸோரூபிசின் என்ற கீமோதெரபி மருந்து உடம்பில் சேரச் சேர இதயச் செயலிழப்புக்கான அபாயம் ஏறும் என்பதையும், இடப்பக்க மார்புக்குக் கதிர்வீச்சு தரும்போது இதயத்துக்கும் ஒரு பங்கு போய்ச் சேரும் என்பதையும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தச் சிகிச்சைதான் என் அக்காவை மார்பகப் புற்றுநோயிலிருந்து பிழைக்க வைத்தது; அதன்மேல் எனக்குக் குறையில்லை. நான் கேட்பது ஒரே ஒரு தாள்.

சிகிச்சை முடிந்து சில ஆண்டுகளில் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. படுத்தால் இருமல், மாலையானால் கால் வீக்கம். வயதாகிறது, எடை கூடிவிட்டது என்றார்கள். கடைசியில் எக்கோ எடுத்த இதய மருத்துவர், இதயத்தின் பம்பிங் திறன் குறைந்திருக்கிறது என்றார். எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு ஏறியது, இதயத்துக்கு எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு போனது என்று கேட்டார். அக்காவிடம் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது இவ்வளவுதான்: கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்தன, நோயாளி நலம்.

மருத்துவமனையைக் கேட்டால், பழைய கோப்பு, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். ஆகவே மருந்துக்கடை பில்களைத் தேடியெடுத்துத் தரையில் பரப்பி, எத்தனை குப்பி வாங்கினோம் என்று எண்ணிக் கூட்டினோம். அந்தக் கணக்கும் உதவவில்லை. உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு மருந்து ஏற்றுகிறீர்கள். குப்பியில் மிஞ்சியதைக் கொட்டிவிடுகிறீர்கள். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு குப்பைக்குப் போனது என்பதை எந்தக் கடைக்காரர் சொல்வார்? பஞ்சுக்கும் கையுறைக்கும் பில்லில் தனித்தனி வரி போடத் தெரிந்த நிர்வாகத்துக்கு, இதயத்தைத் தாக்கக்கூடிய மருந்தின் மொத்த அளவை ஒரு வரியில் எழுத இடம் கிடைக்கவில்லை.

கதிர்வீச்சின் விளைவு உடனே தெரிந்துவிடுவதுமில்லை. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற சுவீடன், டென்மார்க் பெண்களைக் கொண்டு 2013இல் வெளிவந்த ஆய்வில், இதயத்துக்குப் போகும் சராசரி கதிர்வீச்சு ஒரு கிரே கூடினால் மாரடைப்பு போன்ற பெரும் பாதிப்புகள் 7.4 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். முதல் 5 ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கி, 20 ஆண்டுகளுக்குப் பின்னும் அது நீடித்தது. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு கதிர்வீச்சு பெறும் முறை போன்றவற்றால் இன்று அந்த அளவு குறைந்திருக்கிறது, மகிழ்ச்சி. குறைந்த அந்த எண்ணையாவது எழுதிக் கொடுங்கள். உங்கள் கணினித் திட்டத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது.

இதயத்தைப் பாதிக்கக்கூடிய இன்னொரு புற்றுநோய் மருந்தான ட்ராஸ்டுஸுமாப் ஏறும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்கிறீர்கள். மருந்து நின்றதும் எக்கோவும் நின்றுவிடுகிறது. சிகிச்சைக்குப் பிறகும் இதயத்தைக் கண்காணிக்க வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2022இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. இதையெல்லாம் சொன்னால் நோயாளி பயந்து சிகிச்சையை விட்டுவிடுவார் என்று ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார். சரி, முடிந்த பிறகு சொல்லலாமே? அக்டோபர் வந்தால் இளஞ்சிவப்பு பலூன் கட்டி, நோயை வென்றவர் என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். மேடைப் படிகளில் ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். மீண்டும் பணிவாகவே கேட்கிறேன். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருந்தின் பெயர், ஏறிய மொத்த அளவு, இதயத்துக்குப் போன கதிர்வீச்சு, முதல் எக்கோவிலும் கடைசி எக்கோவிலும் பதிவான பம்பிங் திறன், அடுத்த எக்கோ எப்போது, யாரிடம் என்பதை ஒரு தாளில் எழுதி, நோயாளியின் கையிலேயே கொடுங்கள். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைக்கும்படி அதிலேயே எழுதிவிடுங்கள்.

ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டவர்களுக்கும், பழைய கோப்புகளை அழிக்கும் முன், இந்தத் தாளை அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தங்கை