கயலுக்கு: பன்றிகளைக் காணோமே!

அன்புள்ள கயல்,

பேச்சுப் போட்டிக்கு நீ எழுதியதைப் படித்தேன். கறுப்பர்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிய அமெரிக்கப் பெண் ஃபேனி லூ ஹேமர் 1964இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் கொடுத்த சாட்சியம், அது நேரலையில் வராமல் மறைக்க ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டியது, எல்லாம் இருக்கிறது. பன்றிகளை மட்டும் காணோம். பலருக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

ஹேமர் மிசிசிப்பியில், விளைச்சலில் முதலாளிக்குப் பங்கு கொடுத்து வாரக் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பத்தின் 20ஆவது பிள்ளை. அவருடைய சிறுவயதில் அப்பா எப்படியோ காசு சேர்த்துக் கோவேறு கழுதைகளும் மாடும் வாங்கினார். கறுப்பன் சொந்தமாக உழுவதா என்று பொறுக்காத ஒரு வெள்ளைக்காரன் தீவனத்தில் விஷம் கலந்தான். அத்தனையும் செத்தன. குடும்பம் பழையபடி கடனில் விழுந்தது.

1962 ஆகஸ்ட் 31 அன்று ஹேமர் வாக்காளராகப் பதியப் போனார். திரும்பும் வழியில் போலீஸ் பேருந்தை மறித்து, அதன் மஞ்சள் நிறம் அதிகம் என்று ஓட்டுநரைப் பிடித்தது. (இப்படியும் ஒரு குற்றம்!) அன்று இரவே அவர் வேலை செய்த பண்ணையின் முதலாளி அவரை வெளியேற்றினான். பக்கத்து மாவட்டமான லெஃப்லோர் கவுண்டியில், கறுப்பர்கள் ஓட்டுரிமை கேட்டதற்காக அந்தக் குளிர்காலத்தில் ஏழைகளுக்கு அரசு தரும் உணவு தானியத்தையே அதிகாரிகள் நிறுத்தினார்கள். அடிக்கு அஞ்சாதவரையும் பிள்ளையின் பசி பணிய வைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஹேமருக்கும் தெரியும். அதனால்தான் 60களின் கடைசியில் பன்றி வங்கி தொடங்கினார். டோரதி ஹைட் தலைமையிலான கறுப்பினப் பெண்கள் அமைப்பு, நீக்ரோ பெண்கள் தேசிய கவுன்சில், உதவியது. கடன் வாங்குவதும் பன்றி, திருப்பிக் கட்டுவதும் பன்றி. ஒரு குடும்பம் திருப்பியது அடுத்த குடும்பத்துக்குப் போகும். 1969இல் 40 ஏக்கர் வாங்கிக் கூட்டுறவுப் பண்ணையும் ஆரம்பித்தார். கீரை, பீன்ஸ், சர்க்கரைவள்ளி போட்டார்கள். உறுப்பினர் கட்டணம் மாதம் ஒரு டாலர், அதையே பலரால் கட்ட முடியவில்லை. என்னைக் கேட்டால், சாட்சியத்தைவிட இதுதான் அவருடைய பெரிய அரசியல்.

பண்ணை நிலைக்கவில்லை. வெள்ளம், வறட்சி, கடன் என்று 70களின் நடுவில் மூடிப்போனது. அதையும் மறைக்காமல் சொல். பன்றி என்றதும் பின் பெஞ்சில் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும், அப்புறம் தொடரு.

அன்புடன்,
சித்தப்பா