கிலோவையும் பேசுங்கள், தலைவர்மாரே

மலையகத் தொழிற்சங்கத் தலைவர்மார் அனைவருக்கும் வணக்கம்.

நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில், பிறந்தவள். இப்போது டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மா இன்னும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். முப்பத்தொரு வருடமாகச் சந்தா கட்டுகிறார். எந்தச் சங்கத்துக்கு என்று கேட்காதீர்கள், இடையில் இரண்டு தடவை மாறியும் பார்த்துவிட்டார்.

சம்பளக் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2018 ஒக்டோபரில் கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்பு உடுப்போடு நாட்சம்பளம் 1,000 ரூபாய் கேட்டு நின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. மூன்று மாதம் கழித்து அலரி மாளிகையில் சங்கங்களுக்கும் கம்பனிகளுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடிப்படை 500இலிருந்து 700 ஆனது என்று லயத்தில் வெடி போட்டார்கள். வருகைக்கான 60 ரூபாயையும் உற்பத்திக்கான 140 ரூபாயையும் எடுத்துவிட்டதை யாரும் சொல்லவில்லை. மற்றக் கொடுப்பனவும் சேர்த்து 730 வாங்கியவருக்கு 750. வெடிக்கான காசை அந்த இருபது ரூபாயில் கழித்துக்கொண்டோம்.

பிறகு 2021இல் அரசாங்கத்தின் சம்பளச் சபை 1,000 என்றது. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1,700 என்று அறிவிக்கக் கேட்டோம். கம்பனிகள் நீதிமன்றம் போக, செப்டம்பரில் அது 1,350 ஆனது. இப்போது 1,750 என்கிறார்கள், அதில் 200 அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு. இருக்கட்டும். என் பேச்சு ரூபாயைப் பற்றியதல்ல, கிலோவைப் பற்றியது.

போன பெப்ரவரி. வெயில் காய்ந்து கொழுந்து முகம் காட்டாத மாதம். எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாட்சம்பளத்துக்கு, 18 கிலோ. ஒரு நாள் அம்மா காலையில் 7, பகலில் 8, அந்திக்கு 8 நிறுத்தார். மொத்தம் 23. ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று 2 கிலோ வெட்டு. மழையே இல்லாத மாதத்தில் என்ன தண்ணீர் என்று கேட்டால் “அது வழமை” என்பது பதில். ஆறு போக 17. ஒரு கிலோ குறைவு, அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்.

அந்த மாதத்தில் மட்டும் அம்மாவுக்கு நாலு அரைப்பேர். ஒவ்வொரு நாளும் துண்டைப் பார்த்து நான்தான் கொப்பியில் எழுதி வைத்தேன். அந்த 17 கிலோ நாளில் அம்மா அதிகம் பேசவில்லை. இடுப்புப் படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, “அந்தத் தராசு முள்ளு இருந்த காலத்தில முள்ளாவது ஆடும், இது நம்பர் காட்டிட்டு நின்னுடுது” என்றார். சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் போனேன். நல்ல மனுசன். “மேலிடத்துக்கு அறிவிச்சிருக்கேன் மகள்” என்றார். மேலிடம் என்றால் நீங்கள்தானே?

சம்பளச் சபை நாட்சம்பளத்தைத்தான் நிர்ணயிக்கிறது. ஒரு நாள் என்றால் எத்தனை கிலோ என்பதைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு நிர்ணயிக்கிறது. கூட்டு ஒப்பந்தம் இருந்தவரை அதைப் பேச ஒரு மேசையாவது இருந்தது. அது போனபின் 18ஐ 20 ஆக்கினாலும் கேட்பார் இல்லை. கொழும்பில் 1,750 வாங்கிக் கொடுத்தோம் என்கிறீர்கள். மடுவத்தில் அதில் பாதி போய்விடுகிறது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். கிலோவை எழுத்தில் பேசுங்கள். தோட்டம் தோட்டமாக, மாதம் மாதமாக. கொழுந்து இல்லாத மாதத்தில் எத்தனை கிலோ, சாக்குக்கு எத்தனை வெட்டு, மழை இல்லாத நாளில் தண்ணீர் வெட்டு உண்டா இல்லையா என்று முதலாளிமாரோடு கையெழுத்து வையுங்கள். ஒவ்வொரு நிறுவைக்கும் சங்கத்தின் ஆள் ஒருவர், முடிந்தால் மாதர் சங்கத்துப் பெண் ஒருவர், தராசடியில் நிற்கட்டும்.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்கு நெஞ்சைக் கொடுத்தது சதக் கணக்கிலான கூலி உயர்வுக்குத்தான். வருடாவருடம் அவருக்கு மாலை போடுகிறீர்கள், படமும் எடுக்கிறீர்கள். போன தடவை படத்தில் கோவிந்தன் தெரியவே இல்லை, அத்தனை பேர் முன்னால் நின்றீர்கள். ஒரு சங்கம் மறியலுக்கு அழைத்தால் மற்றது வேலைக்குப் போகச் சொல்கிறது. ஒரே லயத்தில் மூன்று நிறத்தில் கொடி. தோட்டத்தை நடத்தும் துரைக்கு வேறென்ன வேண்டும்?

மன்னிக்கவும், மரியாதையாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அம்மாவும் அதைத்தான் சொன்னார்: “அவங்க மனசு நோகாம எழுது, நாளைக்கு அவங்ககிட்டதான் போகணும்.”

எனவே மீண்டும் பணிவாகக் கேட்கிறேன். அடுத்த பேச்சுவார்த்தையில் ரூபாய்க்குப் பக்கத்தில் கிலோவையும் வையுங்கள். அதற்கு முன்னால் உங்களில் ஒருவராவது ஒரு நாள் அந்தி நிறுவைக்கு எங்கள் மடுவத்துக்கு வாருங்கள். நாலரைக்குத் தராசு போடுவார்கள். வாகனம் மடுவம் வரைக்கும் வரும், போன தேர்தலுக்கு முன் போட்ட பாதை இன்னும் பாதி இருக்கிறது. கொப்பியை நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
சந்தா கட்டும் ஒருவரின் மகள்