நம்ம வரிசை இனி இல்லை

பொன்மலைப்பட்டி,
ஞாயிறு மதியம்

அன்புள்ள ராஜி,

இங்கே எல்லாரும் நலம். மூட்டுவலி அப்படியேதான். பேரனுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மற்றதைப் போனில் பேசிக்கொள்ளலாம். இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் நம்ம வரிசையை இடித்துவிட்டார்கள்.

உங்கள் வீடு, எங்கள் வீடு, பிட்டர் மாமா வீடு, கடைசியில் கொய்யாமர டீச்சர் வீடு, எல்லாமே போச்சு. காலையில் சந்தைக்குப் போகும் வழியில்தான் பார்த்தேன். கோபப்பட இதில் ஒன்றுமில்லை. ரொம்ப வருஷமாக ஆளில்லாமல் கிடந்த வீடுகள். சுவரெல்லாம் அரசஞ்செடி. மழைக்காலத்தில் பிள்ளைகள் உள்ளே ஓடினால் நமக்கே வயிற்றைக் கலக்கும். இடிக்க வேண்டியதுதான். ஆனால் அங்கே நின்றபோது மனசில் ஒன்று உறைத்தது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ரயில்வே காலனியில் பிறந்த நமக்குப் பூர்வீக வீடு என்று ஒன்று கிடையாது. என் மாமியார் பூதலூர்க்காரி. அங்கே பாதி இடிந்து கிடந்தாலும் தாத்தா கட்டிய வீடு என்று காட்ட ஒரு திண்ணை இருக்கிறது, பட்டா இருக்கிறது, பங்காளிச் சண்டை இருக்கிறது. சண்டை போடவாவது பழைய கதையை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நமக்கு? அப்பா ரிடையரானார், சாவியைக் கொடுத்தோம், அடுத்த குடும்பம் பாத்திர பண்டத்தோடு வந்து இறங்கியது. நமக்கு முன்னால் அந்த அடுப்படியில் யார் சமைத்தார்கள் என்று நாமும் கேட்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஊர் என்பதால், அதன் கதைக்கும் வாரிசு இல்லாமல் போய்விட்டது.

அதனால் ஒரு பெரிய நோட்டு வாங்கிவிட்டேன். சிரிக்காதேடி. மிச்சமிருக்கிற பெரியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் உட்கார்ந்து, கேட்டு, எழுதுகிறேன். பேரன் போனில் பதிவு செய்கிறான்.

எழுத எழுதத்தான் எவ்வளவு இருக்கிறது என்று தெரிகிறது. நாம் ஏதோ பொன்மலையிலேயே முளைத்தவர்கள் மாதிரி வளர்ந்தோம். பாதிக் குடும்பங்களுக்கு வேர் நாகப்பட்டினம். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை அங்கேதான் இருந்தது. 1920-களின் பின்பாதியில் அதை இங்கே கொண்டுவந்தார்கள். கடற்கரையிலிருந்து குடும்பம் குடும்பமாக ரயிலேறி, ஒரு மொட்டைப் பாறையும் பொட்டல் காடும் இருந்த இடத்துக்கு வந்து இறங்கியிருக்கிறார்கள். 1753-இல் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் அடித்துக்கொண்ட அதே பாறை. உன் ஆச்சி நாகூர் கந்தூரிக்கும் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கும் ஏன் அப்படித் துடித்தாள் என்று இப்போதுதான் புரிகிறது. அது பக்தி மட்டும் இல்லை, பிறந்த ஊர் ஏக்கம்.

எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடவும் இல்லை. பணிமனைகளை ஒன்றாகச் சேர்த்து ஆட்களைக் குறைக்கப் பார்த்ததால்தான் 1928-இல் அந்தப் பெரிய வேலைநிறுத்தம். சிங்காரவேலர் ஜெயிலுக்குப் போனது அதில்தான். அவர் பெயரைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். நம்ம தாத்தாக்களின் வேலைக்காகப் போனார் என்று ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை.

மூணாம் வீட்டு அத்தையை ஞாபகம் இருக்கிறதல்லவா, மாடிப்படி இல்லாத வீட்டில் மாடியைப் பற்றிப் பேசுவாளே, அவள்தான். போன மாதம் தவறிவிட்டாள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினாள். 1946 செப்டம்பர் 5 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவள் பாவாடை கட்டிய சின்னப் பெண். தொழிற்சங்கத் திடல் பக்கமிருந்து சத்தம் கேட்டதும் அவள் அம்மா பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாளாம். ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். சுதந்திரத்துக்கு ஒரு வருஷம்கூட இல்லை. அன்று ராத்திரி அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கு ஏற்றவில்லை என்றாள். நாம் சின்ன வயதில் அந்தத் திடலில் பாண்டி ஆடினோம். வருஷா வருஷம் அங்கே கொடியேற்றுவதைப் பார்த்திருக்கிறோம். என்றைக்காவது அவளிடம் கேட்டோமா? அவள் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கை நடுங்குகிறது.

1974 ரயில்வே வேலைநிறுத்தம் எனக்கே நன்றாக ஞாபகம் இருக்கிறது. மே மாதம், 20 நாள் பணிமனைச் சங்கு ஊதவில்லை. அதுவரைக்கும் சங்கை வைத்துத்தான் உலை வைப்பார்கள், நம்மை எழுப்புவார்கள், அப்பா வேலைக்குப் போக வருகை டோக்கனைத் தேடுவார். ஆர்மரி கேட் பக்கம் சைக்கிள் வெள்ளம் போகும். திடீரென்று ஊரே ஊமையாகிவிட்டது. அப்பா ராத்திரியில் வீட்டுக்கு வர மாட்டார், போலீஸ் பிடித்துப் போய்விடும் என்று. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டியே வைத்திருந்தாள். அப்போது உன் அம்மா பின்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு அரிசி கொடுத்துவிடுவார்கள். உங்கள் வீட்டிலும் சம்பளம் இல்லை, ராஜி. அந்த அரிசியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று கவனித்தாயா? ரிடையரானவர்கள் பி.எஃப். பணத்தில் வீடு கட்டியது எங்கே? பொன்மலைப்பட்டி, கல்கண்டார்கோட்டை, கொட்டப்பட்டு. சங்குச் சத்தம் கேட்கிற தூரத்தில்தான். அதுவும் குவார்ட்டர்ஸில் பக்கத்தில் இருந்தவர்களே பேசிவைத்துப் பக்கத்துப் பக்கத்து மனை வாங்கினார்கள். எங்கள் தெருவில் எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாம் பழைய வரிசைதான். நம்ம வரிசை இல்லை என்று எழுதினேனே, அந்த வீடுகள்தான் இல்லை. 1994-இல் பொன்மலை நகராட்சியையும் ஸ்ரீரங்கத்தையும் திருச்சியோடு சேர்த்து மாநகராட்சி ஆக்கி எத்தனை வருஷமாகிறது! இன்றைக்கும் எங்கள் தெருப் பெண்கள் மலைக்கோட்டைப் பக்கம் துணி எடுக்கப் போனால் "திருச்சிக்குப் போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்கிறார்கள்.

சந்தை அப்படியே இருக்கிறது. இன்று கருவாட்டு வரிசையில் நடக்க இடமில்லை. உனக்கு நெத்திலி வாங்கி வைத்திருக்கிறேன். பம்பாயில் கிடைக்கும் என்று பீற்றிக்கொள்ளாதே, அது வேறு இது வேறு.

போன வருஷம் பேத்தியோடு ஊட்டி ரயிலில் போய்ப் படம் படமாக அனுப்பினாயே, எல்லாவற்றிலும் உன் முகம்தான், எஞ்சினைக் காணோம்! மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு இழுக்கிற நீராவி எஞ்சின்களில் சிலதைப் புதிதாகச் செய்தது நம்ம ஒர்க்‌ஷாப்தான். முதலில் எண்ணெயில் ஓடுவதைச் செய்தார்கள். 2021-இல் நிலக்கரியில் ஓடுவதையும் செய்து அனுப்பினார்கள். இந்தக் காலத்தில் புதிதாக ஒரு நீராவி எஞ்சின் செய்கிற கை எத்தனை ஊரில் இருக்கிறது? அந்தக் கை பிட்டர் மாமாவிடமிருந்து வந்தது. அவர் தன் அப்பாவிடம் கற்றார், அவர் அப்பா நாகப்பட்டினத்தில் கற்றார். அடுத்த முறை போனால் எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு வா.

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களைப் பற்றித்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. டிசம்பரில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் பாட்டும் ஆட்டமும் நடக்கும், நாம் வேலியோரம் நின்று பார்ப்போம். கேக் ஆன்ட்டி ஆஸ்திரேலியா போன பிறகு உன் அக்காவுக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்களே, அந்தக் கடிதங்கள் இருக்கிறதா என்று கேள். தூக்கிப்போட்டுவிட்டேன் என்று சொன்னால் பரணில் ஏறித் தேடச் சொல், அவள் எதையும் தூக்கிப்போடுகிறவள் இல்லை.

உன்னிடம் எனக்கு வேண்டியவை: உன் தாத்தா நாகப்பட்டினத்தில் எடுத்துக்கொண்ட படம், உன் அப்பாவின் டோக்கன் எண், அப்புறம் அந்த மே மாதத்தைப் பற்றி உன் அம்மா சொல்வதெல்லாம். அம்மாவுக்கு இப்போது மறதி வந்துவிட்டது என்று சொன்னாய். காலையில் தெளிவாக இருப்பார்கள், அப்போது கேள். அவசரப்படுத்தாதே. இந்த வாரமே ஆரம்பித்துவிடு, ராஜி. நாள் கடத்தாதே.

செப்டம்பர் 5-க்கு முன்னால் வந்துவிடப் பார். திடலில் கூடுகிற பழைய ஆட்கள் பலரை ஒரே இடத்தில் பிடித்துவிடலாம். நீ கேள், நான் எழுதுகிறேன். ரயில்வே பாஸ் இல்லை என்று சாக்கு சொன்னால் டிக்கெட்டை நானே எடுத்து அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
மீனா