குடியிருப்புக்குள் பட்டறை: உரிமம் இருந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவின் பேராக்கில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டியுள்ள எங்கள் சிறுநகரில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய வரிசை வீடுகளே அதிகம். அவற்றின் மூலை வீடுகள் இப்போது ஒவ்வொன்றாகக் கார் பட்டறைகளாக மாறி வருகின்றன. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ள பட்டறையில் வண்டிக்குச் சாயம் அடிக்கும் நாளில் பக்கத்து வீட்டார் துணி காயப்போட முடிவதில்லை. தின்னர் நெடி துவைத்த துணியில் ஏறிவிடுகிறது. பின்சந்துக் கால்வாயில் தேங்கும் கறுப்பு எண்ணெய், அடைமழை பெய்தால் சமையலறை வாசல்வரை வந்து நிற்கிறது.

ஊராட்சி மன்றத்தில் புகார் செய்தால், "அவர்களிடம் உரிமம் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வணிக உரிமம் வேறு, திட்ட அனுமதி வேறு. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு கட்டடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும் மேம்பாடுதான். ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்காவிட்டாலும் அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். மீறினால் 500,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். உரிமமோ, அதே ஆண்டில் இயற்றப்பட்ட ஊராட்சிச் சட்டத்தின் 107ஆவது பிரிவின்படி, காரணம் கூறாமலே எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளக்கூடியது. அத்தகைய தாளைக் காட்டிப் புகாரை முடித்துவைப்பது எப்படி முறையாகும்?

அக்கம்பக்கத்தாரைக் கேட்கும் ஏற்பாடும் திட்டமிடல் சட்டத்தில் உண்டு. ஆனால் உள்ளூர்த் திட்டம், அதாவது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் திட்டம், இல்லாத பகுதிக்கு மட்டுமே. அங்கு அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அந்தக் கடிதம் வராது, நெடி மட்டும் வரும். உள்ளூர்த் திட்டம் நடப்பில் உள்ள இடத்தில் இந்த ஏற்பாடு கைகொடுக்காது என்பதால், திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போதே நாம் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தாக வேண்டும். அப்படியொரு வரைவு வைக்கப்பட்டிருப்பதே எங்கள் பகுதியில் பலருக்குத் தெரிவதில்லை.

வீட்டு வாசலில் காலையில் தோசை சுட்டு விற்கும் அக்காவின் மீது யாருக்கும் புகார் இல்லை. பட்டறைக்காரர்களும் பிழைப்புக்காக வந்தவர்களே. அவர்களை ஒரே நாளில் விரட்டச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது திட்ட அனுமதி இருக்கிறதா என்று ஊராட்சி மன்றம் கேட்கட்டும்; இல்லாதவர்களுக்குத் தவணை கொடுத்து, சிறுதொழில் பேட்டையில் இடம் ஒதுக்கி மாற்றட்டும். அடுத்த உள்ளூர்த் திட்ட வரைவு குறித்த அறிவிப்பைக் கோயிலிலும் தமிழ்ப்பள்ளியிலும் தமிழிலேயே ஒட்டினால், 21 நாள் கணக்குக்காகக் காத்திராமல் மக்கள் தாங்களாகவே வந்து பேசுவார்கள்.

இப்படிக்கு,
தாமான்வாசி ஒருவர்,
பேராக்.