கிணற்றில் விஷம் என்றார்கள்

ஆசிரியருக்கு வணக்கம். யூத வெறுப்பு பற்றிய ஞாயிறு கட்டுரை ஹிட்லரிடமிருந்தே தொடங்குகிறது. அதற்கு ஏறக்குறைய 600 ஆண்டுகள் முன்பே, கொள்ளைநோய் பரவியபோது யூதர்கள்தான் கிணறுகளில் விஷம் கலந்தார்கள் என்று ஐரோப்பாவில் புரளி கிளம்பியது. நோயில் யூதர்களும்தானே சாகிறார்கள் என்று போப் ஆறாம் கிளமென்ட் 1348-இல் சொல்லியும் பலர் காதில் ஏறவில்லை. இன்று பிரான்சில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1349 பிப்ரவரி 14 அன்று நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். இத்தனைக்கும் அந்த ஊருக்குள் நோய் அப்போது வந்திருக்கவே இல்லை! அப்புறம் நடந்ததுதான் விஷயம்: யூதர்களிடம் வாங்கிய கடன்கள் ரத்தாயின, அடகுப் பொருட்களும் கடன் பத்திரங்களும் கடன் வாங்கியவர்களிடமே திரும்பின, ரொக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பின்னாளில், பிரெஞ்சுப் புரட்சி வரை, மாலையில் கொம்பு ஊதிவிட்டால் யூதர் எவரும் அங்கே தங்கக் கூடாது.

– ஒரு வாசகர், கும்பகோணம்